பனிச்சரிவில் மறைந்த பொருளியலாளர்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன்னர், முத்துப்பார்களைச் சோதிப்பது அரசின் வழக்கமாக இருந்தது. மாதிரிக்கு எடுத்த சிப்பிகளின் வயதையும் முத்துகளின் மதிப்பையும் கணக்கிடுவர். கணக்கு ஒத்துவராவிடில் அவ்வாண்டு குளிப்பு இல்லை. அச்சோதனை முதன்மையாக அளந்தது வருவாயை. மூழ்குவோரின் உயிர் இடரை அன்று. இடரைக் கணிப்பவர் ஒருவர், சுமப்பவர் மற்றொருவர் என்னும் இந்நிலை கடலுக்கு மட்டும் உரியதன்று. இமயப் பனியில் மாண்ட ஆல்பர்ட் பிரெடரிக் மம்மெரியின் வாழ்க்கையும் இதனையே நினைவூட்டுகிறது.

1855-இல் இங்கிலாந்தின் டோவர் நகரில் பிறந்த மம்மெரி, தோல் பதனிடும் தொழில் நடத்திய குடும்பத்தவர். 1889-இல் ஜே. ஏ. ஹாப்சனுடன் இணைந்து ஒரு பொருளியல் நூலை எழுதினார். தனியொருவருக்கு நன்மை தரும் சிக்கனம், சமூகம் முழுவதும் மிகையாகும்போது நுகர்வைக் குறைத்து வேலையின்மையை விளைவிக்கும் என்பது அதன் சாரம். கல்வியுலகம் அதனைப் புறக்கணித்தது. ஹாப்சன் விரிவுரையாற்றும் வாய்ப்பையே இழந்தார். 1936-இல் கெய்ன்ஸ் தம் புகழ்பெற்ற நூலில் அவ்விருவரையும் தம் முன்னோடிகளாக ஏற்றுப் பாராட்டினார்.

மலையேற்றத்தில் மம்மெரியின் புகழ் இதனினும் பெரிது. ஆல்ப்ஸ் மலையில் 1879-இல் மேட்டர்ஹார்னின் சுமட் முகட்டு வழியாகவும், 1881-இல் கிரெப்போன் சிகரத்திலும் ஏறினார். பின்னாளில் தொழில்முறை வழிகாட்டிகள் இன்றியே ஏறத் துணிந்தார். ஆபத்து மனிதனைப் பண்படுத்தும் என்பது அவர் கொள்கை.

1895-இல் காஷ்மீரப் பகுதியின் நங்க பர்வதத்தை நாடி வந்தார். எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் ஏற மேற்கொண்ட முதல் பெருமுயற்சி அது. தியாமிர் முகத்தில் ஏறத்தாழ 6,100 மீட்டர் உயரத்தை எட்டியபோது, உடன் ஏறிய கூர்க்கா வீரர் ரகோபீர் தாபா நோயுற்றார், மம்மெரி திரும்பினார். அம்முடிவு சரியானதே. எனினும் சில நாள்களில், ரகோபீரையும் கோமன் சிங்கையும் அழைத்துக்கொண்டு, உயர்ந்த கணவாய் ஒன்றின் வழியே ரக்கியோத் பள்ளத்தாக்கை அடையப் புறப்பட்டார். ஆகஸ்ட் 24-க்குப் பின் மூவரையும் எவரும் காணவில்லை. பனிச்சரிவே காரணம் என்று பெரும்பாலோர் கருதுகின்றனர்.

இன்று குல்மார்க்கின் காட்டுச் சரிவுகளில் பனிச்சறுக்குவோர் முன்னெச்சரிக்கையாகப் பனியில் குழி தோண்டி அடுக்குகளை ஆராய்கின்றனர். 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வு, அண்மையில் விழுந்த பனி, காற்று குவித்த திரள், அடியில் வலுவற்ற படலம், வெயிலின் ஏற்றம் ஆகியன ஒன்றுசேர்ந்தால் திரும்புவதே அறிவு. புதைந்தவரைக் கண்டறியும் அலைக்கருவியை ஒவ்வொருவரும் அணிகின்றனர். குழுவில் ஒருவர் மறுத்தாலும் பயணத்தைக் கைவிடுவது அவர்களிடையே போற்றப்படும் மரபு.

தனியொருவரின் நற்பண்பு சமூகத்துக்குத் தீங்காகலாம் என்று கண்ட மம்மெரி, தனியொருவரின் துணிவுக்கும் அவ்வாய்வைப் பொருத்தியிருக்கலாம். அவர் பெயர் அம்மலையின் ஒரு பாறை முகட்டில் நிலைத்துவிட்டது. ரகோபீர், கோமன் சிங் ஆகியோரின் பெயர்களை அறிந்தோர் சிலரே. கடலுக்குச் செல்லும் விசைப்படகாயினும் பனிமலைப் பயணமாயினும், இடரைச் சுமப்பவருக்கு மறுக்கும் உரிமை இல்லாத கணிப்பு முழுமையான கணிப்பாகாது.