பண்டித ரமாபாய் அம்மையார்

மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் கானகத்தில் ஒரு சிறு குடில் இருந்தது. அங்கே அனந்த சாஸ்திரி என்னும் மராட்டிய அந்தணர் தம் இளம் மனைவியாகிய இலட்சுமிபாய்க்கு வடமொழி கற்பித்து வந்தார். பெண்ணுக்கு அம்மொழியைக் கற்பித்தல் பெரும்பிழை எனக் கருதப்பட்ட காலம் அது. உற்றார் பழித்தனர்; உடுப்பியில் கூடிய கற்றோர் அவையில் நின்று, தாம் செய்தது சாத்திரத்திற்கு முரணன்று என்று அவர் வாதிட நேர்ந்தது. இப்பெற்றோர்க்கு 1858ஆம் ஆண்டு பிறந்த இளைய மகளே ரமாபாய்.

குடும்பம் கானகத்தை விட்டு ஊர் ஊராகச் சென்று, கோவில்களில் புராணம் படித்து, அன்பர் அளித்த பொருளால் வாழ்ந்தது. வழிநடையே ரமாபாயின் பள்ளி, தாயே ஆசிரியர். பாகவதத்தை அவர் இளமையிலேயே மனப்பாடம் செய்துவிட்டார். பின்னர்ப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் அக்குடும்பம் அலைந்துகொண்டிருந்தபோது, கைப்பொருள் தீர்ந்தது, உணவும் தீர்ந்தது. முதலில் தந்தை மறைந்தார். அடுத்துத் தாய் மறைந்தார். பாடை சுமக்க ஆள் போதவில்லை. இரக்கமுற்ற அந்தணர் இருவர் துணைவர, அண்ணனோடு ரமாபாயும் தோள் கொடுத்தார். உயரம் குறைந்தவராதலின், தாயின் பாடையைத் தலைமீது தாங்கிச் சென்றார். சின்னாளில் அக்காளும் இறந்தார்.

எஞ்சிய இருவரும் வடக்கு நோக்கி நடந்தனர். கடுங்குளிர் இரவொன்றில் போர்த்த ஆடையின்றி, ஆற்றங்கரை மணலில் குழி தோண்டி, தலையொழிய உடலெல்லாம் மணலால் மூடிப் படுத்தனர். வழிபட்ட தெய்வங்கள் கைவிட்டனவோ என்னும் ஐயம் அந்நடையில்தான் அவர் உள்ளத்தில் வேர் கொண்டது.

1878இல் அவர்கள் கல்கத்தாவை அடைந்தனர். அங்குள்ள அறிஞர்கள் ரமாபாயின் வடமொழிப் புலமையைக் கண்டு வியந்து, பண்டிதை, சரசுவதி என்னும் பட்டங்களை அளித்தனர். புகழ் வந்த வேகத்திலேயே துயரும் வந்தது. 1880இல் அண்ணன் இறந்தார். அவ்வாண்டிலேயே சாதி வேற்றுமை பாராது, வங்காள வழக்கறிஞர் ஒருவரை ரமாபாய் மணந்தார். மனோரமா என்னும் பெண்மகவு பிறந்தது. மணந்து இரண்டாண்டு நிரம்புமுன், 1882இல் கணவரை வாந்திபேதி கொண்டுபோயிற்று. இருபத்துநான்கு வயதிற்குள் அம்மையார் பெற்றோர், உடன்பிறந்தார், கணவர் அனைவரையும் இழந்தார்.

கணவர் வீட்டில் இருந்தபோது லூக்கா எழுதிய சுவிசேஷப் படி ஒன்று அவர் கைக்குக் கிட்டியிருந்தது. 1883இல் மருத்துவம் கற்க இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குன்றியதால் அக்கல்வி கைகூடவில்லை. ஆனால், இலண்டனை அடுத்த புல்ஹாமில், வழிதவறிய பெண்களைக் கிறித்தவக் கன்னியர் அன்போடு பேணுவதை அவர் கண்டார். ஒதுக்கப்பட்டவளை அருகே அழைக்கும் இவ்வன்பு எங்கிருந்து வந்தது என வினவினார். கிணற்றருகே சமாரியப் பெண்ணொருத்தியோடு இயேசு உரையாடிய வரலாற்றை அவர்கள் காட்டினர். அவ்வாண்டே அவர் திருமுழுக்குப் பெற்றார். எனினும், யார் சொன்னதையும் ஆராயாது ஏற்பவர் அல்லர் அவர். திருச்சபைத் தலைவர்களோடும் கொள்கை பற்றி வாதிட்டார். சமயத்தை ஏற்றும் கிறித்துவை முழுதும் பெறவில்லை என்று பின்னாளில் அவரே உணர்ந்தார். 1891ஆம் ஆண்டளவில்தான் அவர் நெஞ்சம் அமைதி கண்டது. அறிவால் ஏற்றது அடைக்கலமாக மாறுவதற்கு எட்டாண்டுகள் ஆயின.

அந்த அடைக்கலம் விரைவில் சோதிக்கப்பட்டது. இளங்கைம்பெண்களுக்காக 1889இல் அம்மையார் பம்பாயில் தொடங்கி, பின்னர்ப் பூனாவிற்கு மாற்றிய சாரதா சதனம் நன்கு வளர்ந்திருந்தது. அவர் வழிபடுகையில் கதவு திறந்திருக்கும். விரும்பிய மாணவியர் வந்து அமர்வர். மதம் மாற்றுகிறார் என்னும் கூக்குரல் எழுந்தது. கேசரி இதழ் கண்டித்தது. 1893இல் துணைநின்ற பெரியோர் விலகினர். பெற்றோர் பலர் தம் மகளிரை அழைத்துச் சென்றனர். கதவை மூடியிருந்தால் ஓரளவு பகை தணிந்திருக்கும். அம்மையார் மூடவில்லை, வருமாறு எவரையும் வற்புறுத்தவுமில்லை. குறைந்த தொகையினரோடு பணி தொடர்ந்தது.

1896இல் நடு மாகாணங்களில் பெரும்பஞ்சம் பரவிற்று. எலும்பும் தோலுமாய் நின்ற சிறுமியரைக் கண்ட அம்மையாருக்குத் தம் பழைய பசி நினைவுக்கு வந்தது. இவர்களைக் காக்கப் பணம் ஏது, இடம் ஏது என அவர் கணக்கிட்டிருந்தால் ஒருவரையும் அழைத்து வந்திருக்க முடியாது. இறைவன் தருவான் என்ற துணிவோடு நூற்றுக்கணக்கானோரை அழைத்து வந்து, பூனாவிற்கு அப்பாலுள்ள கேட்காவுன் என்னும் சிற்றூரில் தங்கவைத்தார். அதுவே முக்தி என்னும் இல்லம் ஆயிற்று. 1900இல் குஜராத்திலும் பஞ்சம் தோன்றவே, அங்கு வாழ்ந்தோர் தொகை ஏறத்தாழ 2000 ஆயிற்று. நெசவு, உழவு, அச்சுவேலை முதலிய தொழில்கள் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. கண்ணிழந்தோர்க்கும் அங்கே கல்வி இருந்தது.

முதுமையில் அம்மையார், எபிரேயமும் கிரேக்கமும் கற்று, எளிய மகளிர்க்கும் விளங்கும் மராட்டியில் விவிலியத்தை மொழிபெயர்த்தார். தமக்குப் பின் இல்லத்தை நடத்துவாள் என்று அவர் நம்பி வளர்த்த மனோரமா 1921இல் இறந்தார். காது கேளாத, உடல் தளர்ந்த தாய்க்கு இதனினும் பெரிய இழப்பு ஏது? பழைய துயர்களின்போது இல்லாத ஒரு பற்றுக்கோடு இப்போது இருந்தது. அழுத கண்ணோடு அச்சுப்படிகளை மீண்டும் எடுத்துத் திருத்தத் தொடங்கினார். அப்பணி முடிந்த சின்னாட்களில், 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், அவர் மறைந்தார். முழு விவிலியம் 1924இல் வெளிவந்தது. அதை அச்சிட்டவர்கள் முக்தி இல்லத்துப் பெண்களே.