உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி

உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி (மே 12, 1863 – டிசம்பர் 20, 1915) வங்காளத்தைச் சேர்ந்த எழுத்தாளர், ஓவியர், இசைக்கலைஞர், அச்சுத்தொழில் ஆய்வாளர் ஆவார். வங்காளச் சிறுவர் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான இவர், ஒளிப்படங்களையும் ஓவியங்களையும் அச்சுக்கு ஆயத்தம் செய்யும் ஹாஃப்டோன் முறையைக் கணித, ஒளியியல் அடிப்படையில் ஆராய்ந்து மேம்படுத்தினார். எழுத்தாளர் சுகுமார் ராய் இவருடைய மகன். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் இவருடைய பேரன். பேரனின் பெயரால் இன்று பலராலும் அறியப்படும் இவர், தம் காலத்தில் ஐரோப்பிய அச்சு வல்லுநர்களிடையே சொந்த ஆய்வுகளால் அறியப்பட்டிருந்தார்.

இளமையும் கல்வியும்

அன்றைய வங்காள மாகாணத்தின் மைமன்சிங் மாவட்டத்தில் மசுவா என்னும் சிற்றூரில் உபேந்திரகிஷோர் பிறந்தார். இவ்வூர் இப்போது வங்காளதேசத்தில் உள்ளது. இவருடைய இயற்பெயர் காமதாரஞ்சன் ராய். தந்தை காளிநாத் ராய் சமசுகிருதம், அரபு, பாரசீகம் ஆகிய மொழிகளில் புலமை பெற்றவர். ஏறத்தாழ ஐந்து வயதில் காமதாரஞ்சனை உறவினரும் நிலக்கிழாருமான ஹரிகிஷோர் ராய் சௌத்ரி தத்தெடுத்து, உபேந்திரகிஷோர் என்னும் புதிய பெயரைச் சூட்டினார்.

மைமன்சிங்கில் பள்ளிக் கல்வியை முடித்த இவர் கொல்கத்தா சென்று, 1884-இல் மெட்ரோபாலிட்டன் கல்லூரி மாணவராக இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்கு பிரம்ம சமாசத்தில் இணைந்தார். சீர்திருத்தவாதியான துவாரகாநாத் கங்குலியின் மகள் விதுமுகியை மணந்தார். இவர்களுக்கு மூன்று மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தனர். வயலின், புல்லாங்குழல், பக்கவாஜ் முதலியவற்றை இசைப்பதில் தேர்ந்த இவர், இரவீந்திரநாத் தாகூரின் நெருங்கிய நண்பராகவும் விளங்கினார்.

அச்சுத்தொழிலுக்கு வந்த காரணம்

உபேந்திரகிஷோர் அச்சுத்தொழில் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். சிறுவர்களுக்காக இராமாயணக் கதையை வங்காள மொழியில் எழுதி, அதற்குரிய படங்களையும் தாமே வரைந்தார். அக்கால வழக்கப்படி அப்படங்கள் மரக்கட்டைகளில் செதுக்கப்பட்டு அச்சிடப்பட்டன. செதுக்குபவரின் கை வழியே சென்றதில் படங்களின் நுட்பம் சிதைந்து, மூல ஓவியத்துக்கும் அச்சான படத்துக்கும் ஒற்றுமை குறைந்தது.

இதனால் மனநிறைவு இழந்த இவர், செதுக்குபவரின் கையை நம்பாமல் ஒளிப்படக் கருவியின் உதவியால் படங்களை உலோகத் தகட்டுக்கு மாற்றும் முறையைக் கற்க முடிவு செய்தார். அம்முறையைப் பயிற்றுவிப்போர் கொல்கத்தாவில் இல்லாததால், இங்கிலாந்திலிருந்து நூல்களையும் கருவிகளையும் வேதிப்பொருள்களையும் வரவழைத்துத் தாமே சோதனை செய்து கற்றுக்கொண்டார். 1895-இல் பிளாக் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கினார். இதுவே பின்னர் யு. ராய் அண்ட் சன்ஸ் என்னும் நிறுவனமாக வளர்ந்தது.

ஹாஃப்டோன் முறை

அச்சு இயந்திரத்தால் ஓர் இடத்தில் மையை இட முடியும், அல்லது இடாமல் விட முடியும். பாதி மையை இட முடியாது. எனவே கோடுகளால் மட்டும் ஆன படங்களை நேரடியாக லைன் பிளாக்காக மாற்றலாம். பாரதியார் சென்னையிலும் பின்னர் புதுச்சேரியிலும் நடத்திய இந்தியா இதழில் வெளிவந்த கேலிச்சித்திரங்கள் இத்தகைய கோட்டுப் படங்களே. ஒளிப்படத்திலோ கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே எண்ணற்ற சாம்பல் நிறங்கள் உள்ளன. அவற்றைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக மாற்றிக் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தோன்றச் செய்வதே ஹாஃப்டோன் முறையாகும்.

ஜெர்மனியில் கியார்க் மைசன்பாக் 1882-இல் இவ்வகை முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் பிரடெரிக் ஐவ்ஸ் அதை மேம்படுத்தினார். பிலடெல்பியாவின் லெவி சகோதரர்கள் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் இட்ட கண்ணாடித் திரைகளைத் துல்லியமாகத் தயாரித்தனர். அச்சுக்கூடங்களில் ஸ்கிரீன் என வழங்கும் இத்திரை, ஒளிப்படக் கருவிக்குள் ஒளியுணர் தகட்டுக்குச் சற்று முன்பாக வைக்கப்படும். படத்திலிருந்து வரும் ஒளி திரையின் நுண்கட்டங்களைக் கடந்து தகட்டில் புள்ளிகளாகப் பதியும். அப்பதிவு செம்பு அல்லது துத்தநாகத் தகட்டுக்கு மாற்றப்பட்டு, வேதிக்கரைசலால் அரிக்கப்பட்டுப் பிளாக் ஆகும்.

திரைக்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட தூரம், வில்லையின் துளை அளவு, கருவியின் நீட்டம் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் புள்ளிகள் செம்மையாக அமையும். அக்காலத் தொழிலாளர்கள் பெரும்பாலும் இதை அனுபவத்தாலும் ஊகத்தாலும் தீர்மானித்தனர். ஒரு படம் நன்றாகவும் மறுபடம் மங்கலாகவும் அமைவது இயல்பாக இருந்தது.

ஆய்வுகள்

இந்த ஊகத்தை நீக்கிக் கணக்கை நிறுவியதே உபேந்திரகிஷோரின் முதன்மையான பங்களிப்பாகும். திரையின் ஒவ்வொரு கட்டமும் ஓர் ஊசித்துளைக் கருவியைப் போலச் செயற்பட்டு, வில்லைத் துளையின் உருவத்தைத் தகட்டில் விழச் செய்கிறது என்னும் அடிப்படையில் புள்ளி உருவாகும் விதத்தை வரைபடங்களுடன் விளக்கினார். ஒளியின் விளிம்பு விளைவு புள்ளிகளின் வடிவைப் பாதிக்கும் விதத்தையும் ஆராய்ந்தார். திரையின் தூரத்தைத் தானாகவே சரிசெய்யும் வழியையும் வகுத்தார்.

இவருடைய கட்டுரைகள் லண்டனில் வெளியான பென்ரோஸ் ஆண்டு மலரில் 1897 முதல் 1912 வரையிலான காலத்தில் இடம்பெற்றன. அச்சுத்துறையின் புதிய முயற்சிகளைத் தொகுத்து வெளியிட்ட அம்மலர் அத்துறையினரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தது. திரையைக் குவியப்படுத்துதல், ஹாஃப்டோன் புள்ளியின் கோட்பாடு, கோடுகள் 60 பாகைக் கோணத்தில் வெட்டிக்கொள்ளும் திரை, பல துளைகள் கொண்ட தடுப்புத் தகடு முதலியவை இவர் எழுதிய பொருள்களாகும். ஒரே துளைக்குப் பதிலாகப் பல துளைகளைப் பயன்படுத்தினால் திரையின் ஒரு கட்டத்திலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பெறலாம். இதனால் கரடுமுரடான திரையைக் கொண்டே நுட்பமான படத்தைப் பெற வழி பிறந்தது. நுண்திரைகள் விலை மிகுந்தவை என்பதால் சிறிய அச்சுக்கூடங்களுக்கு இது முக்கியமானதாகும். இவ்வாய்வுகள் அனைத்தும் பல்கலைக்கழகம் எதனையும் சாராமல் கொல்கத்தாவில் இவருடைய சொந்தக் கூடத்திலேயே செய்யப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

மகன் சுகுமார் ராய் 1911-இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுத் தொழில்நுட்பம் பயின்றார். மான்செஸ்டரில் தந்தையின் பல்துளை முறையை அவர் செய்து காட்டினார்.

எழுத்தும் சந்தேஷ் இதழும்

யு. ராய் நிறுவனம் தயாரித்த பிளாக்குகள் பிரபாசி, மாடர்ன் ரிவ்யூ ஆகிய இதழ்களில் இந்திய ஓவியர்களின் படைப்புகளைப் பரவலான வாசகர்களிடம் கொண்டு சேர்த்தன. உபேந்திரகிஷோர் தொடர்ந்து சிறுவர்களுக்காக எழுதினார். மகாபாரதக் கதை, பண்டைக்கால விலங்குகளைப் பற்றிய சேகாலேர் கதா (1903), நாட்டுப்புறக் கதைகளின் தொகுப்பான துந்துனிர் பொய் (1910) ஆகியவை இவருடைய நூல்களுள் சிலவாகும்.

1913-இல் சந்தேஷ் என்னும் சிறுவர் மாத இதழைத் தொடங்கினார். சந்தேஷ் என்னும் வங்காளச் சொல் ஓர் இனிப்புப் பண்டத்தையும் செய்தியையும் ஒருங்கே குறிக்கும். எழுத்து, ஓவியம், பிளாக், அச்சு ஆகிய அனைத்திலும் ஆசிரியரின் கைவண்ணம் இருந்ததால் இவ்விதழின் படங்கள் தனித்தரம் பெற்றன. இவர் எழுதிய கூப்பி கைன் பாகா பைன் கதையும் இவ்விதழிலேயே வெளிவந்தது. அக்கதையை 1969-இல் சத்யஜித் ராய் திரைப்படமாக்கினார்.

மறைவும் நிறுவனத்தின் முடிவும்

கொல்கத்தாவின் கர்பார் சாலையில் 100-ஆம் எண் கட்டடத்தை உபேந்திரகிஷோர் அச்சுக்கூடமும் குடியிருப்பும் ஒருங்கே அமையும்படி கட்டினார். ஆனால் அங்கு அவர் நெடுங்காலம் வாழவில்லை. நீரிழிவு நோயால் பாதிக்கப்பட்டு 1915 டிசம்பர் 20 அன்று தம் 52-ஆம் வயதில் காலமானார். அந்நோய்க்கு மருந்தாகும் இன்சுலின் 1922-இலேயே முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டது.

நிறுவனத்தையும் இதழையும் ஏற்று நடத்திய சுகுமார் ராய் 1923-இல் 35 வயதில் கருங்காய்ச்சலால் இறந்தார். இருவரின் அறிவையும் நம்பி இயங்கிய நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டு, கர்பார் சாலை வீடும் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 1921-இல் அவ்வீட்டில் பிறந்த சத்யஜித் ராய் பின்னாளில் விளம்பர ஓவியராகவும் நூல் அட்டை வடிவமைப்பாளராகவும் பணியாற்றினார். நின்றுபோயிருந்த சந்தேஷ் இதழை அவர் 1961-இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் இணைந்து மீண்டும் தொடங்கினார்.

இன்றைய அச்சுத் தயாரிப்பில்

கண்ணாடித் திரை இன்று வழக்கில் இல்லை. கணினி மென்பொருளே படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து நேரடியாக அச்சுத் தகட்டில் பதிக்கிறது. ஆயினும் உபேந்திரகிஷோர் ஆராய்ந்த சிக்கல்கள் வேறு வடிவில் தொடர்கின்றன. படத்தை அச்சுக்கு அனுப்புவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை வருமாறு:

* தாளுக்கேற்ற திரை: செய்தித்தாளில் மை பரவுவதால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 85 வரிகள் கொண்ட திரையும், வழவழப்பான ஆர்ட் தாளில் 133 முதல் 175 வரிகள் கொண்ட திரையும் பயன்படுகின்றன.
* படத்தின் நுணுக்கம்: அங்குலத்துக்கான படப்புள்ளிகள் திரை வரிகளைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருத்தல் வேண்டும். 150 வரித் திரைக்கு 300 படப்புள்ளிகள் என்னும் வழக்கு இதிலிருந்தே வந்தது. 300 படப்புள்ளிகள் கொண்ட படத்தை நீளத்திலும் அகலத்திலும் இருமடங்காகப் பெரிதாக்கினால் 150 மட்டுமே எஞ்சும்.
* கோட்டுப் படங்கள்: இவற்றுக்குத் திரை தேவையில்லை. விளிம்புகள் கூர்மையாக அமைய 1200 படப்புள்ளிகள் அளவில் வருடுதல் நன்று.
* கோணங்கள்: நான்கு நிற அச்சில் ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசையும் வெவ்வேறு கோணத்தில் அமைய வேண்டும். பொதுவாகச் சியான் 15, கறுப்பு 45, மஜந்தா 75, மஞ்சள் 0 அல்லது 90 பாகையில் அமைக்கப்படும். கோணம் பிசகினால் மோரே எனப்படும் அலைக்கோலம் தோன்றும்.
* அச்சான படத்தை மீண்டும் அச்சிடுதல்: அதில் முன்பே புள்ளிகள் உள்ளதால் புதிய புள்ளிகளுடன் மோதி அலைக்கோலம் உண்டாகும். இயன்றவரை மூல ஒளிப்படத்தையே பயன்படுத்துதல் வேண்டும்.
* புள்ளி விரிவு: தாளில் மை பரவிப் புள்ளிகள் பெரிதாவதால் படம் திரையில் தெரிவதைவிடக் கருமையாக அச்சாகும். செய்தித்தாளுக்கான படங்களின் நடுத்தர நிறங்களைச் சற்று வெளிறச் செய்து அனுப்புவது இதனாலேயே.

அச்சிடும் படத்தின் தரம் பெரும்பாலும் இயந்திரம் சுழல்வதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. தம் ஓவியங்கள் சிதைந்ததைக் கண்ட உபேந்திரகிஷோர் அச்சு இயந்திரத்தை விட்டு, அதற்கு முந்தைய கட்டத்தை ஆராயப் புகுந்ததன் காரணமும் இதுவேயாகும்.