யாகூத் சீவிய பேனா

பிள்ளைகளுக்கு அரபு எழுத்தணி கற்றுக்கொடுக்க ஆசைப்படும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, எந்த பிரஷ் பேனா வாங்கலாம் என்றுதான். கடைகளில் பன்னிரண்டு வண்ணம், இருபத்து நான்கு வண்ணம் என்று பெட்டி பெட்டியாக இருக்கிறது. வாங்கிக் கொடுக்கிறார்கள். பிள்ளையும் ஆர்வமாக உட்கார்ந்து பிஸ்மில்லாஹ் எழுதுகிறது. பள்ளிவாசல் சுவரில் பார்த்த மாதிரி வருவதில்லை. தன் கைதான் சரியில்லை என்று நினைத்து, இரண்டு நாளில் பெட்டியை மூடி வைத்துவிடுகிறது. பெரும்பாலும் குறை கையில் இல்லை, முனையில் இருக்கிறது. அந்த முனை விஷயத்தினாலேயே பெயர் பெற்ற ஒருவர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்தார்.

அவர் பெயர் ஜமாலுத்தீன் யாகூத். யாகூத் என்றால் மாணிக்கக்கல். அடிமைகளுக்கு ரத்தினங்களின் பெயரை வைப்பது அந்தக் காலத்து வழக்கம். தகப்பனார் பெயர் அறியப்படாத அடிமையை இப்னு அப்துல்லாஹ், அதாவது அல்லாஹ்வுடைய அடியானின் மகன் என்று எழுதிவிடுவார்கள். இவரையும் அப்படியே எழுதினார்கள். பக்தாதின் கடைசி அப்பாஸிய கலீஃபா அல்-முஸ்தஃஸிம் பில்லாஹ்வின் அரண்மனையில் வளர்ந்ததால் யாகூத் அல்-முஸ்தஃஸிமி என்று அழைக்கப்பட்டார். அரண்மனை நூலகத்தைக் கவனித்துவந்த ஸஃபிய்யுத்தீன் அல்-உர்மவியிடம் எழுத்துக்கலை கற்றார். இந்த உஸ்தாத் இசை இலக்கணத்திலும் பெரிய அறிஞர். அளவும் இடைவெளியும் அறிந்த காதும் கண்ணும் ஒரே ஆளிடம் இருந்தது மாணவருக்கு வாய்த்த நல்ல நஸீபு என்று எனக்குத் தோன்றும்.

யாகூத் புதிதாக எந்த எழுத்து வகையையும் கண்டுபிடிக்கவில்லை. ஸுலுஸ், நஸ்க், முஹக்கக், ரைஹானி, தவ்கீஃ, ரிகாஃ என்ற ஆறு வகைகளும் அவருக்கு முன்பே இருந்தன. கி.பி. 940-ல் இறந்த இப்னு முக்லா என்ற அமைச்சர்தான் எழுத்துக்கு அளவு வகுத்துக் கொடுத்தவர். பேனா முனையைத் தாளில் ஒருமுறை சாய்த்து வைத்து இழுத்தால் சாய்சதுரமாக ஒரு நுக்தா விழும். அந்த நுக்தாதான் அளவுகோல். ஸுலுஸ் எழுத்தின் அலிஃப் சுமார் ஏழு நுக்தா உயரம். அப்படியானால் அலிஃபின் உயரத்தைத் தீர்மானிப்பது முனையின் அகலம். முனை தெரியாமல் எழுத்தின் அளவே தெரியாது. 1022-ல் மறைந்த இப்னுல் பவ்வாப் இதற்கு மெருகேற்றினார். அவர் ஹிஜ்ரி 391-ல் எழுதிய குர்ஆன் பிரதி இன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில், செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. யாகூத் முதலில் இவருடைய வழியைத்தான் பின்பற்றினார்.

பிறகு அவர் செய்த மாற்றம், கேட்பதற்குச் சின்னது. நாணல் பேனாவின் முனையை முன்னிருந்தவர்களைவிட நீளமாகச் சீவி, நுனியை அதிகச் சாய்வாக வெட்டினார். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாய்வினால் மெல்லிய கோடு இன்னும் மெலிந்தது. தடித்த கோட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. ஆறு வகைகளும் வேறு அழகு பெற்றன.

ஓதும் காலத்தில் நானும் மூங்கில் குச்சியைச் சீவி எழுதிப் பார்த்திருக்கிறேன். முதல் பத்துக் குச்சியும் வீண். சாய்வு கொஞ்சம் பிசகினாலும் லாமின் வளைவு தடித்துப்போகும். முனையின் நடுவில் கத்தியால் ஒரு கீறல் போட வேண்டும், அதன் வழியாகத்தான் மை இறங்கும். கீறல் கோணினால் மை சொட்டும். மைக்கூட்டிலும் பச்சைப் பட்டு நூலைச் சுருட்டிப் போட்டுவைப்பார்கள், பேனா தேவைக்கு மேல் மையை அள்ளக் கூடாது என்று.

பிரஷ் பேனாவின் கதை வேறு. அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். நாணல் பேனாவில் தடிமனைத் தருவது அழுத்தம் அல்ல, முனையைப் பிடிக்கும் கோணமும் கையை இழுக்கும் திசையும். சீனத்து முஸ்லிம்கள் தூரிகை கொண்டே அரபு எழுதி ஸீனி என்றொரு தனிப் பாணியை வளர்த்தார்கள், அதுவும் அழகுதான். ஆனால் பிள்ளை பழக நினைப்பது ஸுலுஸும் நஸ்கும் என்றால் தட்டையான முனை உள்ள பேனா வேண்டும். தொடக்கத்துக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலம் போதும். மை ஊறிப் பரவாத வழவழப்பான தாளும் வாங்குங்கள்.

ஹிஜ்ரி 656, கி.பி. 1258. ஹுலாகுவின் மங்கோலியப் படை பக்தாதுக்குள் நுழைந்தது. கலீஃபா கொல்லப்பட்டார். மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள், நூலகங்கள் அழிந்தன. அந்த நாட்களில் யாகூத் ஒரு மினாராவில் ஏறி ஒளிந்துகொண்டார் என்றும், கையில் மையும் பேனாவும் இருந்து தாள் இல்லாததால் ஒரு துணியில் எழுதிக்கொண்டிருந்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. பாரசீகரான காழி அஹ்மத் சுமார் முந்நூறு ஆண்டுகள் கழித்து எழுத்தணிக் கலைஞர்கள் பற்றி எழுதிய நூலில் அது வருகிறது. கலைப் பித்துக்கு உதாரணமாக இதைச் சிலாகித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு மனநிறைவு இல்லை. கீழே ஊர் எரியும்போது மேலே ஒருவர் எழுத்தை அழகுபடுத்திக்கொண்டிருந்தது சிறப்பா? அது நடந்ததா என்பதே நிச்சயமில்லாதபோது அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. அவர் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் உயிரோடிருந்தார்.

எஜமானர் இல்லை, அரண்மனை இல்லை. வேறு ஊருக்குப் போகவும் வழி இருந்திருக்கும். அவர் பக்தாதிலேயே இருந்தார். மங்கோலியர் நியமித்த ஆளுநரான அதா மலிக் ஜுவைனி, தானும் ஒரு வரலாற்றாசிரியர், இவரை ஆதரித்தார். யாகூத் குர்ஆன் பிரதிகள் எழுதினார், மாணவர்களை உட்காரவைத்துப் பேனா சீவக் கற்றுக்கொடுத்தார். அஹ்மத் அஸ்-ஸுஹ்ரவர்தி, அப்துல்லாஹ் ஸைரஃபி போன்ற பெரும் பெயர்கள் எல்லாம் அவருடைய வழியில் வந்தவை. ஏட்டில் இருந்தது எரிந்துபோகலாம். விரலில் இருந்ததை மங்கோலியரால் எரிக்க முடியவில்லை. அந்த நாற்பது ஆண்டுகளிலும் தன் பிரதிகளின் கடைசிப் பக்கத்தில் அவர் இட்ட பெயர், கொல்லப்பட்ட கலீஃபாவின் பெயரைச் சுமந்த அதே யாகூத் அல்-முஸ்தஃஸிமிதான்.

ஹிஜ்ரி 698-ல், கி.பி. 1298, பக்தாதிலேயே இறந்தார். எழுதுவோரின் கிப்லா என்று பின்வந்தவர்கள் அவரைப் போற்றினார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து, உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் தன் கருவூலத்திலிருந்த யாகூத்தின் ஏடுகளை எடுத்துக் கொடுக்க, ஷைகு ஹம்துல்லாஹ் அவற்றை ஊன்றிப் பார்த்துத் தனக்கென ஒரு பாணியை அமைத்துக்கொண்டார்.

இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் யாகூத் என்று கையெழுத்திட்ட ஏடுகள் இருக்கின்றன. அவற்றில் பல அவர் எழுதியவை அல்ல என்கிறார்கள் அறிஞர்கள். அவரைப் போலவே எழுதப் பழகிய யார் யாரோ, தம் பெயரை விட்டுவிட்டு அவர் பெயரை எழுதிவைத்தவை அவை.