முல்லர் கண்ட திராட்சைக் கொடி

திராட்சையில் ஆயிரக்கணக்கான ரகங்கள் உண்டு. அவற்றின் பெயர்கள் பெரும்பாலும் ஊரைக் குறிக்கும், அல்லது பழத்தின் நிறத்தைக் குறிக்கும். ஒரு விஞ்ஞானியின் பெயரையே தாங்கி, கடல் கடந்து நியூஸிலாந்து வரை போய் வேரூன்றிய கொடி ஒன்று இருக்கிறது. அதுதான் 'முல்லர்-துர்காவ்'.

கொடியின் பெயர் நிலைத்தது. ஆனால் அந்தக் கொடி எப்படிப் பிறந்தது என்று அவர் உலகத்துக்குச் சொன்ன செய்தியில் பாதி சரியல்ல என்பது, அவர் காலமாகி 73 ஆண்டுகளுக்குப் பிறகுதான் வெளிப்பட்டது. பாவம், அவருக்கு அது தெரியவே தெரியாது.

ஹெர்மன் முல்லர் 1850-ம் ஆண்டு அக்டோபர் 21-ந்தேதி ஸ்விட்ஸர்லாந்தில், துர்காவ் மாநிலத்தைச் சேர்ந்த டேகர்விலன் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தைக்கு ரொட்டி சுடும் தொழில். கூடவே திராட்சைத் தோட்டமும் உண்டு. பையன் முதலில் உபாத்தியாயர் பயிற்சி பெற்றுச் சிறிது காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு சூரிக் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். அங்கிருந்து ஜெர்மனிக்குப் போய், வூர்ட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் ஜூலியஸ் ஸாக்ஸ் என்ற தாவர விஞ்ஞானியிடம் சேர்ந்தார். செடிகொடிகள் எப்படி மூச்சு விடுகின்றன, எப்படி உணவு சேர்க்கின்றன என்பதைச் சோதனை செய்தே காட்டிய பெரிய ஆசான் ஸாக்ஸ். அவரிடம் பயின்று 1874-ம் ஆண்டில் முல்லர் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் முல்லர் என்ற பெயர் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். அதனால் அவர் தம் மாநிலத்தின் பெயரையும் சேர்த்து முல்லர்-துர்காவ் என்று எழுதத் தொடங்கினார். நம் சங்கீத வித்வான்களை அரியக்குடி என்றும் செம்மங்குடி என்றும் ஊரைச் சொல்லி அழைப்பது நினைவுக்கு வருகிறது. அந்த ஒட்டுப் பெயர் பின்னால் ஒரு கொடிக்கே போய்ச் சேரும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

ரைன் நதிக் கரையில்

1876-ம் ஆண்டில், ரைன் நதிக் கரையிலுள்ள கைசன்ஹைம் என்னும் ஊரில் இருந்த தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. அந்தப் பிரதேசத்தின் ராஜா 'ரீஸ்லிங்' என்ற வெள்ளைத் திராட்சை. அதன் மணத்துக்கும் சுவைக்கும் ஈடு இல்லை என்பது அந்த ஊர்க்காரர்களின் பெருமை. பெருமை சரி, ஆனால் விவசாயிக்கு அதில் ஒரு பெரிய சங்கடம். ரீஸ்லிங் மெதுவாகப் பழுக்கும். ஐப்பசி மாதம் குளிர் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். வெயில் போதாத வருஷத்தில் பழம் முற்றாமல் புளிப்பாகவே நின்றுவிடும். அந்த வருஷம் குடும்பத்தின் வரும்படியும் போயிற்று.

'சில்வானர்' என்று வேறொரு ரகம் இருந்தது. அது முன்னதாகப் பழுக்கும், நம்பிப் பயிரிடலாம். ஆனால் ரீஸ்லிங்கின் மணம் அதற்குக் கிடையாது. இரண்டையும் இணைத்தால் என்ன? ஒன்றின் சுவையும் மற்றதன் சுறுசுறுப்பும் ஒரே கொடியில் வராதா? திராட்சைத் தோட்டக்காரரின் மகனுக்கு இந்த யோசனை வந்ததில் வியப்பில்லை.

1882-ம் ஆண்டில் கலப்பு வேலை நடந்தது. திராட்சைப் பூ மிகச் சிறியது. ஒரே பூவில் மகரந்தமும் இருக்கும், சூலகமும் இருக்கும். மொட்டு தானாக விரியும் முன்பே அதன் மூடியைச் சிறு இடுக்கியால் நீக்கி, மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிய வேண்டும். பிறகு வேறு கொடியின் மகரந்தத்தைத் தூவி, காற்றும் பூச்சியும் அண்டாமல் உறை போட்டு மூட வேண்டும். ஒரு சிறு தூசி வழி தவறி வந்து விழுந்தாலும் பிள்ளை வேறாகிவிடும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொட்டையும் குச்சியும்

ருசியான மாம்பழத்தின் கொட்டையைக் கொல்லையில் ஊன்றி, ஏழெட்டு வருஷம் காத்திருந்து, கடைசியில் வாயில் வைக்க முடியாத புளிப்புப் பழம் கண்டவர்கள் நம்மில் பலர். திராட்சை விதையும் அப்படித்தான். ஒரே குலையிலிருந்து எடுத்த நூறு விதைகளும் நூறு விதமான கொடிகளாக முளைக்கும். தாய்க்கொடியின் குணம் அப்படியே வேண்டுமானால் விதை உதவாது. அதன் தண்டை வெட்டி நட வேண்டும், அல்லது ஒட்டுக் கட்ட வேண்டும்.

இப்படி ஒரே தாய்க்கொடியின் குச்சிகளிலிருந்து பெருகிய கூட்டத்தைத்தான் குளோன் என்கிறார்கள். ஆயிரம் ஏக்கரில் நின்றாலும் அது ஒரே கொடி. ஆனாலும் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டி நட்டுக்கொண்டே போகும்போது, எங்கோ ஒரு மொட்டில் சிறு மாறுதல் நேர்ந்துவிடும். ஒரு கொடியில் குலை நெருக்கமாக இருக்கும். மழை பெய்தால் உள்ளே ஈரம் தங்கிப் பழம் அழுகும். பக்கத்துக் கொடியில் குலை தளர்வாக இருக்கும், காற்றோட்டத்தில் தப்பிவிடும். ஒன்று நிறையக் காய்க்கும், சாறு தண்ணீராக இருக்கும். மற்றொன்று குறைவாகக் காய்த்து மணத்தைச் சேர்த்து வைக்கும். பெயர் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான். முல்லர் கைசன்ஹைமுக்கு வந்த அதே 1876-ம் ஆண்டில், ஜெர்மனியின் ஏடன்கோபன் என்ற ஊரில் ஃப்ரோலிக் என்பவர் தம் தோட்டத்துச் சில்வானர் கொடிகளில் நல்லவற்றை மட்டும் குறித்து வைத்து, அவற்றின் குச்சிகளையே நட ஆரம்பித்தார். திராட்சையில் குளோன் பொறுக்கும் முறை இப்படித் தொடங்கியது.

முல்லர் செய்தது இதற்கு முந்திய படி. விதையிலிருந்து புதிய கொடியையே உண்டாக்கினார். பிறகு அவற்றில் ஒன்றைப் பொறுக்கிக் குச்சியால் பெருக்க வேண்டியிருந்தது.

58-ம் எண்

1891-ம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்து அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சூரிக் ஏரிக் கரையில் வேடன்ஸ்வில் என்ற ஊரில் அமைந்த புதிய ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் இயக்குநர் ஆனார். கைசன்ஹைமில் வளர்த்த கன்றுகளும் அவருடன் எல்லை கடந்தன. அங்கே உதவியாளர் ஹைன்ரிக் ஷெல்லன்பெர்க், கன்றுகளுக்கு எண் போட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தார். எல்லாவற்றிலும் சிறந்து நின்றது 58-ம் எண். அது முன்கூட்டிப் பழுத்தது, நிறையக் காய்த்தது, சாற்றில் மெல்லிய மஸ்கட் மணம் இருந்தது. இன்று உலகத்தில் இருக்கும் முல்லர்-துர்காவ் கொடிகள் எல்லாம் அந்த ஒரே கன்றின் வாரிசுகள். 1913-ம் ஆண்டில் ஆகஸ்ட் டெர்ன் என்பவர் அதை ஜெர்மனிக்குக் கொண்டு சென்றார். முல்லரின் பெயரை அதற்கு இட்டவரும் அவரே.

கொடி ஒன்றுதான் முல்லரின் சாதனை என்று நினைத்துவிடக் கூடாது. உருளைக்கிழங்கு கடும் குளிரில் கிடந்தால் ஏன் இனிக்கிறது என்பதை 1882-ல் ஆராய்ந்து எழுதியவர் அவர். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரையைச் செலவழிக்கும் சுவாசமோ மந்தமாகிவிடுகிறது. மதுவின் கடும் புளிப்பு பீப்பாயில் குறைவது பாக்டீரியாவின் வேலை என்பதையும், சக ஆராய்ச்சியாளர் ஆஸ்டர்வால்டருடன் சேர்ந்து 1913-ல் விரிவாக விளக்கினார்.

எனக்குப் பிடித்தது மற்றொன்று. மதுவுக்காகவே ஒரு கொடியை உண்டாக்கிய இந்த மனிதர், திராட்சைச் சாறும் ஆப்பிள் சாறும் புளித்து மதுவாகாமல் காப்பது எப்படி என்று 1896-ல் ஒரு நூல் எழுதினார். சாற்றை அளவாகச் சூடாக்கினால் நொதிகள் செத்துப்போகும். காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால் குழந்தைகளும் குடிக்கலாம். ஐரோப்பாவில் பாட்டில் பழச்சாறு ஒரு தொழிலாக வளர இது வழிகாட்டியது. மதுவிலக்குக்காரர்களும் மது வியாபாரிகளும் ஒருவருக்கே நன்றி சொல்வது அபூர்வந்தான்.

1924-ம் ஆண்டில் ஓய்வு பெற்ற முல்லர், 1927-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி வேடன்ஸ்வில்லில் காலமானார்.

அவர் கொடிக்கு யோகம் அதன் பிறகுதான் அடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், விளைச்சல் வேண்டும் என்று தவித்த ஜெர்மன் விவசாயிகள் அதை அள்ளி நட்டார்கள். மலைச்சரிவில் ரீஸ்லிங் இருந்த இடம் போக, உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் விளைந்த சமவெளியிலும் அது ஏறிற்று. 1971-ல் வந்த ஜெர்மன் ஒயின் சட்டம், சாற்றின் சர்க்கரை அளவை வைத்தே தரம் பிரித்தது. சுலபமாகப் பழுக்கும் ரகத்துக்கு இது வாய்ப்பாகப் போயிற்று. 1970-களின் நடுவில் ஜெர்மனியில் ரீஸ்லிங்கையே பின்தள்ளி முதலிடம் பிடித்தது. மலிவான இனிப்பு ஒயின் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆனது. பிறகு ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். சப்பென்று இருக்கிறது, நாள்பட வைத்தால் தாங்காது என்றார்கள். 1979-ம் ஆண்டுப் புத்தாண்டை ஒட்டி வந்த கொடும் பனியில் ரீஸ்லிங் தாக்குப்பிடித்தபோது, இந்தக் கொடிகள் ஏராளமாகக் கருகின.

குற்றம் கொடியினுடையது மட்டும் அல்ல என்பது என் அபிப்பிராயம். ஏக்கருக்கு எத்தனை காய்த்தாலும் போதாது என்று பேராசைப்பட்டால் எந்தக் கொடிதான் மணக்கும்? இத்தாலியின் வடக்கு மலைகளில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், குறைவாகக் காய்க்கவிட்டு வளர்க்கும் இதே கொடியிலிருந்து பெயர் பெற்ற ஒயின் வருகிறது.

இனி அந்தத் தூசிக்கு வருவோம். 2000-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை மூலம் கொடியின் பெற்றோரைத் தேடினார்கள். ஒன்று ரீஸ்லிங்தான். மற்றொன்று சில்வானர் அல்ல. 'மேடலின் ராயல்' என்ற, சாப்பிடும் பழத்துக்காக வளர்க்கும் ரகம்! அது சீக்கிரம் பழுப்பதற்குப் பேர் போனது. ஆகவே முல்லர் தேடிய குணம் கொடிக்குக் கிடைத்தது. அதைக் கொடுத்த கைதான் வேறு.

வேடன்ஸ்வில் நிலையம் பிற்காலத்தில் குளோன் பொறுக்குவதில் பெயர் எடுத்தது. அமெரிக்காவின் ஓரெகன் மாநிலத்தில் 'பினோ நுவார்' என்னும் கறுப்புத் திராட்சைத் தோட்டங்களில், 'வேடன்ஸ்வில்' என்ற பெயரிலேயே ஒரு குளோன் காய்க்கிறது. முல்லரின் சொந்த நாட்டிலோ, அவர் கண்ட கொடியின் ஒயினை 'ரீஸ்லிங்-சில்வானர்' என்று சீட்டு ஒட்டி விற்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.