கிணற்றடியில் பதினெட்டு ஆண்டுகள்

பக்தி இலக்கியத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. நம் கைக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் நெஞ்சம் கனிந்த பின்னர் எழுந்த பாடல்கள். தம் நெஞ்சு உருகவில்லையே என்று நொந்துகொண்ட அடியார்களும் இருக்கிறார்கள். ஆயினும் உருகாமல் கழிந்த ஆண்டுகள் எத்தனை, அந்நாள்களில் தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவர்கள் நமக்குச் சொல்வதில்லை. அந்தக் கணக்கை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்த பெண்மணி ஒருவர் ஸ்பெயின் நாட்டில் இருந்தார். அவர் அவிலா நகரத்துத் தெரேசம்மாள்.

அவர் பிறந்தது 1515 மார்ச் 28. தந்தை அலோன்சோ செல்வர், நூல்களை நேசித்தவர். தந்தைவழிப் பாட்டனார் யூத மரபிலிருந்து கிறித்தவரானவர்; பழைய சமயத்தை மறைவாகப் பின்பற்றினார் என்னும் குற்றத்திற்காக 1485-இல் தொலேதோ நகரில் சமய விசாரணை மன்றத்தால் தண்டிக்கப்பட்டவர். இச்செய்தி 1940-களில்தான் ஆவணங்களிலிருந்து வெளிப்பட்டது. அக்காலத்து ஸ்பெயினில் இத்தகைய குடும்பத்துப் பெண் ஒருத்தி கடவுளைப் பற்றித் தானே எழுதத் துணிவது எத்துணை இடர்ப்பாடு என்பதை எண்ணிக்கொண்டே அவர் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

தாயோடு சேர்ந்து வீரக் கதைகளைத் தந்தைக்குத் தெரியாமல் படித்த சிறுமி, 1535-இல் அவிலாவில் இருந்த கார்மேல் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மூன்றாண்டுகளில் கடும் நோய் பற்றியது. மருத்துவம் தேடிச் சென்ற வழியில் சிறிய தந்தை ஒருவர் ஒரு நூலைக் கொடுத்தார். பிரான்சிஸ்கோ தெ ஒசூனா என்னும் துறவி மனச்செபத்தைப் பற்றி எழுதிய நூல் அது. வாயால் சொல்லும் செபம் அன்றி, உள்ளத்தில் இறைவனோடு தனித்திருக்கும் வழி ஒன்று உண்டு என்பதைத் தெரேசா அதில் கற்றார். மருத்துவமோ நோயினும் கொடியதாயிற்று. 1539-இல் ஏறத்தாழ நான்கு நாள் நினைவின்றிக் கிடந்தார். குழி வெட்டியாயிற்று, கண்ணிமைகளின் மேல் மெழுகும் இட்டாயிற்று. பிழைத்தெழுந்த பின்னும் மூன்றாண்டுக்காலம் முடங்கிக் கிடந்தார்.

நலம் பெற்றபின் நிகழ்ந்ததே அவர் வாழ்வின் பெரிய சறுக்கல். அம்மடத்தில் கட்டுப்பாடு தளர்ந்திருந்தது. பேச்சு வல்ல தெரேசாவைக் காண நகரத்துச் செல்வர்கள் வந்தவண்ணம் இருந்தனர். அவர்களோடு பொழுது போக்கிவிட்டு இறைவன் முன் சென்று அமர அவருக்கு நாணமாக இருந்தது. இத்தகைய நான் அவரோடு நெருங்கிப் பேசலாமா, எல்லாரையும் போல வாய்ச்செபம் சொன்னால் போதாதா என்று எண்ணி மனச்செபத்தை அடியோடு விட்டார். அதனைப் பணிவு என்றே நம்பினார். தம்மைத் தாக்கிய சோதனைகளுள் அப்பொய்ப் பணிவே கொடியது என்று பிற்காலத்தில் எழுதினார்.

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. தந்தைக்கு மனச்செபத்தைக் கற்பித்தவர் இந்த மகளே. மகள் விட்டுவிட்ட வழியில் தந்தை வெகுதூரம் சென்றுவிட்டார். அவர் தம்மையும் தம்மைப் போன்றவரென்றே நம்பியிருப்பது பொறாமல், செபிப்பதில்லை என்று தெரேசா சொல்லிவிட்டார். ஆனால் உடல்நலமின்மையைக் காரணமாகக் காட்டினார். தந்தை அதை நம்பி இரங்கினார். பின்னர் மடத்திற்கு வரும்போதும் நெடுநேரம் தங்காமல் எழுந்து போய்விடுவார். வீண்பேச்சில் காலம் கழிவது அவருக்குப் பொறுக்கவில்லை. 1543-இல் அவர் இறந்தபோது உடனிருந்து பணிவிடை செய்தவர் தெரேசா. தந்தையின் ஆன்ம குருவே மகளையும் மீண்டும் செபத்தில் அமரச் செய்தார்.

அமர்ந்தார் என்றால் உருகினார் என்று பொருளன்று. இடையில் விட்டிருந்த காலமும் உட்பட ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டுகள் வறட்சியே. குறித்த நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காத்திருந்த நாள்கள் பல. செபக்கூடத்திற்குள் நுழையும்போதே துயரம் வந்து கவியும். தம்மைத் தாமே வலிந்து உள்ளே தள்ள வேண்டியிருக்கும். இறைவனிடத்தும் இன்பமில்லை, உலகத்திலும் நிறைவில்லை. மனத்தில் உருவங்களைக் கற்பனை செய்து தியானிக்கும் ஆற்றல் தமக்கு இல்லை என்கிறார். ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டாலன்றிச் செபிக்கத் துணிவு வாராது. போர்வீரனுக்குக் கேடயம் போல அது உடனிருந்தாலே போதும். சில நாள் திறந்தவுடன் மனம் ஒருவாறு அமையும். வயலும் நீரும் மலரும் அவருக்கு அவ்வாறே உதவின.

1554-இல், தமது முப்பத்தொன்பதாம் வயதில், விழாவுக்காக மடத்திற்குக் கொண்டுவரப்பட்டிருந்த ஓர் உருவத்தைக் கண்டார். உடலெங்கும் காயமுற்ற கிறிஸ்து. அதன் முன் வீழ்ந்து கண்ணீர் விட்டார். அவ்வேளையில் அகுஸ்தீனாரின் தன்வரலாறும் கைக்குக் கிடைத்தது. அதன்பின் செபம் தடைப்படவில்லை.

தொடர்ந்து வந்த காட்சிகளையே உலகம் அறியும். ரோமாபுரியில் பெர்னினி வடித்த சலவைக்கல் சிலை அத்தகைய காட்சியொன்றைக் காட்டுகிறது. சிலை அழகியதே. எனினும், மணியோசைக்குக் காது கொடுத்து அமர்ந்திருக்கும் தெரேசாவை யாரேனும் வடித்திருக்கலாகாதா என்று எனக்குத் தோன்றும். காட்சிகளால் அவருக்கு வந்தது புகழன்று, ஐயமே வந்தது. அவை அலகையின் வேலை என்றனர் அவர் கருத்துக் கேட்ட பெரியோர். காட்சி வரும்போது ஏளனச் சைகை காட்டுமாறு ஒரு குரு பணித்தார். நெஞ்சம் நொந்தும் பணிந்தார். அல்காந்தராப் பேதுரு என்னும் தவமுனிவர் வந்தபிறகே அமைதி கிட்டியது.

1559-இல் தாய்மொழி சமய நூல்கள் பலவற்றை விசாரணை மன்றம் தடை செய்தது. இலத்தீன் அறியாத பெண்களுக்கு அது பேரிழப்பு. நூலைக் கேடயமாகக் கொண்டிருந்தவருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. படிப்பதற்கு நூல் இல்லாதுபோன அப்பெண்மணியே பின்னர் நூல் எழுதுபவர் ஆனார். குருமார் கட்டளையால் தம் வாழ்க்கையை எழுதினார்; நூல் நூற்கும் வேலை கெடுகிறதே என்ற குறையும் அதிலேயே உண்டு.

அந்நூலில் உள்ளத்தைத் தோட்டமாகவும் செபத்தை நீர்ப்பாசனமாகவும் அமைக்கிறார். கிணற்றிலிருந்து கையால் இறைப்பது முதல் வகை. பாடு மிகுதி, நீர் குறைவு. சக்கரத்தில் கலயங்களைக் கட்டிச் சுழற்றுவது இரண்டாவது. ஆற்றுநீர் பாய்வது மூன்றாவது. மழை பொழிவது நான்காவது. அங்கே தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த மொழியினர்க்கு இவ்வுவமை அயலாகத் தோன்றாது. ஆனால் என்னை நிறுத்தியது மழையன்று. கிணறு வறண்டிருந்தால் என்ன செய்வது என்றும் அவர் கேட்டுக்கொள்கிறார். வாளியை இறக்குக, வெறுமையாக மேலே வந்தாலும் இறக்குக. தோட்டத்திற்கு உரியவர் விரும்பினால் நீரின்றியும் செடிகளைக் காப்பார். இறைப்பவர் கடமை இறைப்பதே. இதனைப் பதினெட்டு ஆண்டுகள் இறைத்தவர் எழுதுகிறார்.

1562-இல் புனித சூசையப்பர் பெயரால் சிறிய, ஏழ்மையான மடம் ஒன்றை அவிலாவில் நிறுவினார். நகரமே எதிர்த்தது. இறப்பதற்குள் பதினேழு மடங்களைக் கண்டார். கோவேறு கழுதை வண்டிகளில் அலைந்தார். ஸ்பானியக் கவிதையின் பெரும்புலவரான சிலுவை யோவான் இச்சீர்திருத்தத்தில் அவருக்குத் துணைநின்று, அதற்காகச் சிறையும் புகுந்தார். விழாநாள்களில் சகோதரிகள் பாடுவதற்குத் தெரேசாவும் எளிய பாடல்கள் கட்டினார். இறைவன் அடுக்களைப் பானைகளின் நடுவேயும் உலவுகிறார் என்று அவர்களுக்குக் கற்பித்தார். மனச்செபம் வரவில்லையே என்று வருந்திவந்த கன்னியர் ஒருவரைப் பற்றியும் எழுதியுள்ளார். அவருக்குப் பரலோக மந்திரத்தை வாய்விட்டுச் சொல்ல மட்டுமே தெரியும். விசாரித்துப் பார்த்தால், அதைச் சொல்லிக்கொண்டே அவர் தியானத்தின் உயர்நிலையில் இருந்தார். தெரேசா அவர்மீது பொறாமை கொண்டாராம்.

தன்வரலாற்று நூலை விசாரணை மன்றம் 1575-இல் கைப்பற்றி வைத்துக்கொண்டது. அது திரும்பி வாராத நிலையில், 1577-இல் உள்ளத்தை ஏழு பகுதிகள் கொண்ட மாளிகையாக உருவகித்து மற்றொரு நூல் எழுதினார். அதன் வாயில் செபமே.

1582 அக்டோபர் 4-ஆம் நாள் இரவு ஆல்பா தெ தோர்மெஸ் என்னும் ஊரில் இறந்தார். நாள்காட்டி திருத்தப்பட்டதால் மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அவர் திருநாள் அன்றுதான். 1622-இல் புனிதராகவும், 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பெற்றார்.

அவர் எழுத்துகள் 1588-இல் சலமங்காவில் அச்சேறின. பதிப்பித்தவர் லூயிஸ் தெ லெயோன். கவிஞர், பேராசிரியர், அதே விசாரணை மன்றத்தின் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். தெரேசாவை அவர் ஒருமுறையும் கண்டதில்லை. மூல ஏடுகளைத் தேடியெடுத்து ஒப்பிட்டு, பிறர் திருத்தியிருந்த இடங்களையெல்லாம் நீக்கி, அப்பெண்மணி எழுதியவாறே சொற்களை மீண்டும் அமைத்தார்.