அதிரும் கம்பி உணர்த்திய உண்மை

நுழையும்முன்

நடுங்கும் கையால் எடுத்த காட்சியையும் கைப்பேசி தெளிவாகப் பதிவு செய்கிறது. காற்றில் பறக்கும் ட்ரோன் கவிழாமல் நிலைத்து நிற்கிறது. தன் சுழற்சியைத் தானே உணரும் நுண்ணிய உணரி இவ்விரண்டிலும் உள்ளது. அவ்வுணரியின் அடிப்படை உண்மையைத் தம் கண்ணாலும் கையாலும் கண்டறிந்தவர், மருத்துவப் படிப்பைப் பாதியில் கைவிட்ட ஓர் இளைஞர்.

இளமையும் கல்வியும்

லெயோன் ஃபூக்கோ 1819ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் பாரிஸ் நகரில், நூல் வெளியீட்டாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். உடல்நலம் குன்றியிருந்ததால் பெரும்பாலும் வீட்டிலேயே பயின்றார். பாடங்களில் அவர் சிறந்து விளங்கவில்லை. ஆயினும், கைத்திறனில் தேர்ந்திருந்தார். படகு, தந்திக் கருவி, சிறிய நீராவி எந்திரம் ஆகியவற்றைத் தாமே செய்து பார்த்தார். அத்திறன் அறுவை மருத்துவத்திற்குப் பயன்படும் எனக் கருதி மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். ஆனால், குருதியைக் கண்டதும் அவர் உள்ளம் கலங்கியது. படிப்பைக் கைவிட்ட அவரை, நுண்ணோக்கியியல் கற்பித்த ஆல்ஃபிரட் தொன்னே தம் உதவியாளராக ஏற்றுக்கொண்டார். பின்னர், நாளிதழில் அறிவியல் கட்டுரைகள் எழுதியவாறே ஆய்வுகளைத் தொடர்ந்தார். ஒளி, காற்றைவிட நீரில் மெதுவாகச் செல்கிறது என்பதை 1850இல் நிறுவினார்.

கடைசல் பொறியும் ஊசலும்

ஒருமுறை, கடைசல் பொறியின் சுழலும் முனையில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றைப் பொருத்தி அதிரச் செய்தார். பொறியின் முனையைச் சுழற்றியபோதும், கம்பி முதலில் அதிர்ந்த தளத்திலேயே தொடர்ந்து அதிர்ந்தது. பிறர் பொருட்படுத்தாத இச்சிறு நிகழ்வு அவரைச் சிந்திக்க வைத்தது. தாங்கும் முனை சுழன்றாலும் அதிர்வின் தளம் மாறாதெனில், புவி சுழல்வதையும் ஊசலைக் கொண்டே காட்டலாம் அல்லவா?

1851ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தம் வீட்டின் நிலவறையில் 2 மீட்டர் நீளக் கம்பியில் 5 கிலோகிராம் குண்டைத் தொங்கவிட்டார். முதல் முயற்சியில் கம்பி அறுந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. சில நாள்களுக்குப்பின், நள்ளிரவு கடந்த வேளையில், ஊசலின் தளம் மெல்லத் திரும்புவதைக் கண்டார். உண்மையில் திரும்பியது ஊசலன்று. அதன் கீழிருந்த புவியே! அவ்வாண்டிலேயே பாந்தியன் மாளிகையில் 67 மீட்டர் நீளக் கம்பியில் தொங்கிய 28 கிலோகிராம் குண்டு, புவியின் சுழற்சியைப் பொதுமக்களின் கண்முன் நிறுத்தியது.

1852இல், விரைந்து சுழலும் சக்கரத்தைக் கொண்டு மற்றொரு கருவியை அமைத்தார். சுழற்சியைக் காட்டுவதால் அதற்குக் கைரோஸ்கோப் எனப் பெயரிட்டார். சில நிமிடங்களே சுழன்ற அச்சக்கரத்தின் நுட்பமான விலகலை நுண்ணோக்கி வழியாகவே காண முடிந்தது.

காலம் கடந்த ஏற்பு

முறையான கணிதப் பயிற்சி பெறாத அவருக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் 1865இல்தான் உறுப்பினர் தகுதி வழங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1868 பிப்ரவரி 11ஆம் நாள், தம் 48ஆம் வயதில் நோயுற்று மறைந்தார்.

சிலிக்கனில் வாழும் தத்துவம்

இன்றைய கைப்பேசியிலுள்ள சுழல் உணரியில் சக்கரம் இல்லை. சிலிக்கனில் செதுக்கப்பட்ட, கண்ணுக்குப் புலப்படாத சிறு நிறை ஒன்று இடைவிடாமல் அதிர்கிறது. கைப்பேசி திரும்பும்போது அந்நிறை தன் பழைய திசையிலேயே அதிர முனைவதால், பக்கவாட்டில் சற்றே விலகுகிறது. இவ்விலகலுக்குக் காரணமானது கொரியாலிஸ் விசை எனப்படும். சீப்பின் பற்களைப் போல் அமைந்த நுண்தகடுகளுக்கு இடையிலான தொலைவு மாற, மின்தேக்குத்திறனும் மாறுகிறது. அம்மாற்றத்தை அளந்து, எவ்வளவு விரைவாகத் திரும்பியது என்பதை மின்சுற்று கணிக்கிறது. வழுக்கும் சாலையில் மகிழுந்து நிலைதடுமாறாமல் காக்கவும் இத்தகைய உணரி உதவுகிறது.

கடைசல் பொறியில் அதிர்ந்த கம்பியின் தத்துவமே இன்று சிலிக்கனில் இயங்குகிறது. பட்டங்கள் அளிக்காத தகுதியை, கூர்ந்து நோக்கும் கண்ணும் ஓயாது முயலும் கையும் ஃபூக்கோவுக்கு அளித்தன.