கோவா விதையும் ஒரு கலாநிதிப் பட்டமும்

நாம் அன்றாடம் தாளிதத்துக்குப் பயன்படுத்தும் கபிலநிறக் கடுகு, முற்காலத்தில் இரு வேறு தாவர இனங்கள் இயற்கையாகக் கலந்தமையினால் தோன்றியது என்பதை எம்மில் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. கடுகு, கோவா, முள்ளங்கி முதலியன ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் கடுகுக்கும் கோவாவுக்கும் இடையிலான உறவைத் தெளிவாக வரைந்து காட்டிய ஆய்வு ஒன்று 1935 ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியானது. அதனை எழுதியவர் ஜப்பானியரல்லர். கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த ஊ ஜாங் சுன் என்பவர். கொரியாவில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பெயர் அது. தாவரப் பிறப்புரிமையியலிலும் மரக்கறிப் பயிர் விருத்தியிலும் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கான வாய்ப்புகளை எமது மாணவர்கள் தேடிவரும் இக்காலத்தில், அவரது வாழ்க்கை அறியப்பட வேண்டியதென நாம் கருதுகின்றோம்.

அவர் பிறந்தது 1898 இல், டோக்கியோவில். தந்தை ஊ பொம் சொன் கொரியப் படை அதிகாரியாக இருந்தவர். 1895 ஒக்டோபரில் கொரிய அரசி மியொங்சொங் அரண்மனையில் வைத்துப் படுகொலை செய்யப்பட்ட சம்பவத்தில் தொடர்புபட்டு, பின்னர் ஜப்பானுக்குத் தப்பியோடியவர். 1903 இல் கொரியர் ஒருவரால் அவர் பழிதீர்க்கப்பட்டார். அப்போது மகனுக்கு ஐந்து வயது. ஜப்பானில் கொரியன் என்ற இழிவு, கொரியாவில் துரோகியின் மகன் என்ற வசை. இரண்டு நாடுகளிலும் தலைநிமிர முடியாத நிலையிலேயே அந்தச் சிறுவனின் வாழ்வு தொடங்கியது. வறுமையினால் தாய் அவரைச் சிலகாலம் பௌத்த விகாரையொன்றின் பராமரிப்பில் விடவும் நேர்ந்தது.

பொறியியல் கற்கவே அவர் விரும்பினார் என்பர். ஆனால் கிடைத்த உதவிப்பணம் விவசாயக் கல்விக்கே வழிவிட்டது. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் அவர் பயின்றது செய்முறைப் பயிற்சிநெறியாகும், முழுமையான பட்டப்படிப்பன்று. 1919 இல் அதனை நிறைவுசெய்து அரசாங்க விவசாயப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தார். பட்டதாரிகளுக்குரிய பதவியுயர்வு அத்தகையோருக்கு எளிதில் கிட்டுவதில்லை. ஆயினும் நிலையத்தின் பாத்திகளையே அவர் தமது ஆய்வுகூடமாக்கிக் கொண்டார். அடுக்கிதழ்ப் பெட்டூனியாப் பூக்களை மட்டும் தரும் விதையை உருவாக்குவது அக்காலப் பூ வளர்ப்பாளர்களுக்குப் பெரும் சிக்கலாக இருந்தது. அதற்கு வழிகண்டவர்களுள் அவரும் ஒருவர்.

கலாநிதிப் பட்டத்துக்கென அவர் முதலில் எடுத்துக்கொண்டது வேறொரு பூச்செடியின் மரபுப் பண்புகள் பற்றிய ஆய்வாகும். 1930 இல் நிலையத்தில் ஏற்பட்ட தீயில் அந்த ஆய்வின் பதிவுகள் எரிந்து போயின. இத்துறையில் இதன் கனதி என்னவென்பதை விளக்கியாக வேண்டும். தாவரக் கலப்பாய்வில் ஒரு விடயத்தைச் சோதிக்க, செடி பூத்துக் காய்த்து, அதன் விதை மீண்டும் முளைத்துப் பூக்க வேண்டும். பருவத்தை எவரும் விரைவுபடுத்த முடியாது. எரிந்தவை தாள்கள் மாத்திரமல்ல, பல பருவங்களின் உழைப்புமாகும். முப்பத்திரண்டு வயதில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதற்கு அவர் தெரிந்தெடுத்தவை பூக்களல்ல, கடுகும் கோவாவும்.

சீனக் கோவாவும் கோசுக்கிழங்கும் சேர்ந்த இனத்துக்குப் பத்துச் சோடி நிறமூர்த்தங்கள். கருங்கடுகுக்கு எட்டு, கோவாவுக்கு ஒன்பது. கபிலநிறக் கடுகுக்கோ பதினெட்டு. அதாவது பத்தும் எட்டும். எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் ரேப் கடுகுக்குப் பத்தொன்பது, பத்தும் ஒன்பதும். எதியோப்பியக் கடுகுக்குப் பதினேழு, எட்டும் ஒன்பதும். இந்தத் தொடர்பின் பெரும்பகுதியை மொரினாகா என்ற ஜப்பானிய ஆய்வாளர் நுணுக்குக்காட்டியின் வழியே முன்னரே காட்டியிருந்தார். ஊ செய்தது அதற்கு ஒருபடி மேலானது. சீனக் கோவாவின் இனத்தையும் கோவாவின் இனத்தையும் தம் கையாலேயே கலந்து, இயற்கையில் முன்னரே இருந்த ரேப் கடுகைப் பரிசோதனை மூலம் மீண்டும் உருவாக்கிக் காட்டினார். புதிய இனம் பிரிவினால் மட்டுமன்றி இணைவினாலும் தோன்றும் என்பதற்கு அது கண்கண்ட சான்றாயிற்று. ரேப் கடுகின் முழு மரபணுத் தொகுதியும் 2014 இல் வாசித்து வெளியிடப்பட்டபோதும் அந்த இரு முன்னோர்களே அதில் தெரிந்தனர்.

1936 இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. மூன்று மூல இனங்களை மூலைகளிலும் மூன்று கலப்பினங்களைப் பக்கங்களிலும் வைத்து அவர் வரைந்த படத்தை உலகத் தாவரவியலாளர்கள் 'ஊ முக்கோணம்' என்றே அழைக்கின்றனர். திருமணத்தின் பின்னர் ஜப்பானியக் குடும்பமொன்றின் பெயர் சட்டப்படி அவருக்குரியதாகியிருந்தது. ஆயினும் ஆய்வுகளில் தந்தையின் ஓரெழுத்துப் பெயரையே அவர் எழுதினார். அந்தத் தந்தை யாரென்பதை நினைத்துப் பார்க்கும்போது, அது சாதாரண துணிவன்று.

பட்டம் கிடைத்தும் அரச நிலையத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை. 1937 இல் அதைவிட்டு விலகி கியோட்டோவின் தக்கிய் விதை நிறுவனத்தில் சேர்ந்தார். கோவாப் பூ மிகச் சிறியது; ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையால் அகற்றிக் கலப்பு விதை எடுத்தால் எந்த விவசாயியாலும் அதனை வாங்க முடியாது. ஆனால் தன் மகரந்தத்தைத் தானே ஏற்க மறுக்கும் இயல்பு கோவாச் செடியில் உண்டு. அத்தகைய இரு வழிகளை அருகருகே நட்டுவிட்டால் தேனீக்களே கலப்பைச் செய்துவிடும். ஜப்பானின் கலப்பின மரக்கறி விதைத் தொழில் இவ்வழியிலேயே வளர்ந்தது. அதற்கு அடித்தளமிட்டவர்களுள் அவரும் எண்ணப்படுகின்றார்.

1945 இல் கொரியா விடுதலை பெற்றது. அதுவரை மரக்கறி விதைகளுக்கு ஜப்பானையே பெரிதும் நம்பியிருந்த அந்நாட்டுக்கு அவ்வரவு தடைப்பட்டது. கிம்சி இல்லாமல் உணவே இல்லாத ஒரு மக்களுக்குக் கோவா விதையும் முள்ளங்கி விதையும் இல்லாமற்போவதென்பது சிறிய விடயமல்ல. ஊவை அழைத்துவரக் குழு அமைக்கப்பட்டது. அவரது குடும்பத்தின் பராமரிப்புக்கென பத்து இலட்சம் யென் திரட்டப்பட்டது. அந்தப் பணத்தில் அவர் விதைகளை வாங்கிக்கொண்டு, மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் ஜப்பானில் விட்டுவிட்டு, 1950 மார்ச்சில் பூசானில் இறங்கினார். சரிவரக் கொரிய மொழி பேசவும் அவருக்கு வராது. மூன்று மாதங்களில் போர் மூண்டது. பூசான் எதிரியின் கையில் வீழாதிருந்தமையால் அவரது ஆய்வு நிலையமும் தப்பியது.

இறப்பர்ச் செருப்போடு பாத்திகளில் நின்ற அந்தக் கலாநிதி, கலந்து சீரழிந்திருந்த உள்ளூர் இனங்களிலிருந்து நல்லவற்றைத் தெரிந்து, கோவாவுக்கும் முள்ளங்கிக்கும் நிலையான விதைகளைத் தந்தார். நோயற்ற விதை உருளைக்கிழங்கைக் குளிர்ந்த கங்வொன் மலைகளில் பெருக்கச் செய்தார். விதையில்லாத வத்தகப்பழத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே என்று கொரியாவில் நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மையில் அது ஜப்பானியரான கிஹாரா ஹித்தோஷியின் சாதனை; பயிர் விருத்தியின் ஆற்றலை விவசாயிகளுக்குக் காட்டவே ஊ அதனை வளர்த்தார். மக்கள் மனத்தில் பழம் நின்றது, கோவா விதை மறைந்தது. மரக்கறி ஆய்வாளர்களின் தலைவிதி எங்கும் இவ்வாறே.

நுவரெலியாவிலும் அதன் சூழலிலும் விளையும் கோவா, கரட் போன்றவற்றின் விதை பெரும்பாலும் இன்றும் வெளிநாடுகளிலிருந்தே எமக்கு வருகின்றது. கோவா பூத்து விதை தருவதற்கு நீண்ட கடுங்குளிர் வேண்டும் என்பது ஒரு காரணம். கலப்பின விதையிலிருந்து எடுக்கும் அடுத்த தலைமுறை ஒரே சீராக விளையாது என்பது மற்றொன்று. இத்துறையில் ஒரு கலாநிதிப் பட்டத்துக்கு எவ்வளவு வேலை காத்திருக்கின்றது என்பதை ஒவ்வொரு போகத்திலும் விதை வாங்க வேண்டியிருக்கும் எமது விவசாயிகள் அறிவர்.

1953 இல் தாய் ஜப்பானில் காலமானபோது அங்கு செல்ல ஊவுக்கு அனுமதி வழங்கப்படவில்லை. போனால் திரும்பமாட்டார் என்று கொரிய அரசாங்கம் அஞ்சியது. அனுதாபமாக வந்து சேர்ந்த பணத்தைக் கொண்டு, நீர்த்தட்டுப்பாடு நிலவிய நிலையத்தில் தாயின் நினைவாக ஒரு கிணறு வெட்டுவித்தார். 1959 ஆகஸ்ட் 10 ஆம் திகதி, நாட்டின் கலாசார விருது நோய்ப்படுக்கையில் அவர் கைக்கு வந்த ஒருசில நாட்களில், தமது 61 ஆவது வயதில் அவர் மறைந்தார். சுவோன் நகரின் யொகிசான் குன்றில் அடக்கம் செய்யப்பட்டார். பூசானின் டொங்னே பகுதியில் அவர் பணியாற்றிய இடத்தில் 1999 இல் நினைவு மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. அந்தக் கிணறும் அங்கேதான் உள்ளது.